ஐந்தரை அடி, பச்சை

அந்த ஒக்டோபர் வெள்ளிக்கிழமை காலையில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருநூற்றுப் பதினான்கு பேருக்கு ஒரே குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தது. "வணக்கம் அன்டிஃபைன்ட் அவர்களே, உங்கள் பகுதியில் வாவியின் நீர்மட்டம் வழமையான அளவில் உள்ளது." பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லாருமே அன்டிஃபைன்ட், அதாவது 'இன்னதென்று சொல்லப்படாதது', ஆகியிருந்தார்கள்.

பத்து மணிக்குள் டினோஷா பதினேழு அழைப்புகளுக்குப் பதில் சொல்லிவிட்டாள். பதினெட்டாவதாக அழைத்தவர் அவளுடைய பங்குத் தந்தை. "மகள், இந்த அன்டிஃபைன்ட் ஆர்? எனக்கு வந்த மெசேஜ் வேற ஆருக்கோ போக வேண்டியதா?" என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். டினோஷாவுக்குச் சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. முதல்நாள் கணினி நிரலில் ஓரிடத்தில் ஒரு பெயரை மாற்றியவள் இன்னோரிடத்தில் மாற்ற மறந்திருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அவள் வேலை செய்த இடம் புளியந்தீவில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி. நாலு மேசை, ஒரு மின்விசிறி, வாவிப்பக்கம் திறக்கும் ஒரு ஜன்னல். நடத்துபவர் ஜூலியன். நாற்பத்திரண்டு வயது, வாய்நிறையப் பேசுவார், ஆனால் எழுதும் நிரலில் ஒரு வரி விளக்கம்கூட எழுதிவைக்க மாட்டார். டினோஷாவுக்குப் பக்கத்து மேசை பஸ்லான். காத்தான்குடியிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருபவன். எந்தச் சிக்கலுக்கும் அவனிடம் ஒரு குறுக்குவழி இருக்கும்.

அவர்கள் பராமரித்த பல இணையத்தளங்களில் ஒன்றுதான் 'வாவிமட்டம்'. வயல் செய்யும் கமக்காரர் சங்கமும் மீனவர் சங்கமும் சேர்ந்து கேட்டதனால் ஜூலியன் நாலு வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்தது. வாவிக்கரையில் ஐந்து இடங்களில் ஐந்து பேர் காலையும் மாலையும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று பார்த்துத் தொலைபேசியிலிருந்து அனுப்புவார்கள். தளத்தில் வாவியின் படம் இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வட்டம். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் வெளியேற ஆயத்தப்படுங்கள். வெள்ளிக்கிழமைகளில் எல்லாருக்கும் நிலவரச் செய்தி போகும்; சிவப்பு விழுந்தாலோ அந்தப் பகுதி ஆட்களுக்கு உடனே தானாகக் குறுஞ்செய்தி போகும். மாரி மழை பிடித்து, வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டிவிடுவதா வேண்டாமா என்று ஊரெல்லாம் வாதாடுகிற நாட்களில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பாதிப் பேர் விடிந்ததும் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

அன்டிஃபைன்ட் விவகாரம் நடந்த அன்று பின்னேரம் ஜூலியன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இனி இப்பிடிச் சரிவராது டினோ. டைப் போடுவம். நீதான் செய்யப் போறாய்."

அந்தத் தளம் எழுதப்பட்ட மொழி எதையும் கேள்வி கேட்காத மொழி. எண்ணைக் கொடுத்தாலும் வாங்கும், எழுத்தைக் கொடுத்தாலும் வாங்கும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் வாங்கிக்கொண்டு அன்டிஃபைன்ட் என்று அனுப்பிவிடும். அதற்கு மேலால் இப்போது 'டைப்' எனப்படும் வகைகள் எழுதலாம். இந்தப் பெட்டிக்குள் எண் மட்டும்தான், இதற்குள் பெயர் மட்டும்தான் என்று எழுதிவைத்தால், நிரல் ஓடுவதற்கு முன்பே ஒரு சரிபார்ப்பான் எல்லாவற்றையும் வாசித்து, பொருந்தாத இடங்களில் சிவப்புக் கோடு கீறிக் காட்டும். கட்டாயம் இல்லை. விரும்பிய இடத்தில் எழுதலாம், மற்றதை அப்படியே விடலாம். 'எனி' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் போட்டால் "இதற்குள் எதுவும் வரலாம், என்னைக் கேட்காதே" என்று அர்த்தம்.

டினோஷா சரிபார்ப்பானை முதன்முதலில் ஓடவிட்டபோது நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள் காட்டியது. நாலு வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தளம் அது.

"இவ்வளவு பிழையோட இது எப்பிடி ஓடினது?" என்று அவள் பஸ்லானைக் கேட்டாள்.

"பிழையெண்டு அதுக்குத் தெரியாதே. அதுதான் ஓடினது," என்றான் அவன். "எனி போட்டு விடுங்க தங்கச்சி. சிவப்பெல்லாம் அஞ்சு நிமிசத்தில போயிரும்."

"எனி போடுறதெண்டா மறுகா எதுக்கு இந்த வேல?"

அவளுக்கு அது ஒரு வீம்பாகிவிட்டது. பதினேழு பேரிடம் மன்னிப்புக் கேட்ட வாய். ஒரு எனிகூட இல்லாமல் முடிப்பதென்று முடிவெடுத்தாள். மூன்று கிழமை அந்த நானூற்றுப் பன்னிரண்டோடு மல்லுக்கட்டினாள். ஒன்றைத் திருத்தினால் நாலு புதிதாக முளைத்தன. தொலைபேசி இலக்கம் எண்ணா எழுத்தா என்று ஒரு முழு நாள் குழம்பினாள். பெயரிலேயே இலக்கம் இருக்கிறது, ஆனால் எண் என்று எழுதினால் முன்னாலுள்ள பூச்சியம் விழுந்துவிடுகிறது. அடையாள அட்டை இலக்கம் சிலருக்கு எழுத்தில் முடிகிறது, சிலருக்கு வெறும் எண். ஒருவருக்குத் தகப்பன் பெயர் முன்னால், இன்னொருவருக்கு முதலெழுத்து மட்டும், வேறொருவருக்கு ஒற்றைப் பெயர். நேற்றுவரை தெளிவாகத் தெரிந்த பொருட்களெல்லாம், இது என்ன வகை என்று கேட்டதும் கைநழுவிப் போயின. வீட்டில் தேத்தண்ணி ஊற்றும்போதுகூட, சீனி போடாத தேத்தண்ணிக்குள் சீனி பூச்சியமா அல்லது சீனி என்பதே இல்லையா என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

நீர்மட்டம் மட்டும் அவளுக்குக் குழப்பம் தரவில்லை. அட்டவணையைத் திறந்து பார்த்தாள். சேமிப்பில் இருந்த ஆயிரக்கணக்கான அளவுகளும் எண்கள். நூற்றிருபது, எண்பத்தைந்து, அறுபது. அனுப்பும் படிவத்திலும் 'நீர்மட்டம், சென்ரிமீற்றரில்' என்றுதான் இருந்தது. மட்டம் என்றால் எண். எழுதினாள்.

எழுதியதும் வேறோரிடத்தில் சிவப்பு விழுந்தது. ஜூலியன் எழுதிய ஒரு நிரல் துண்டு. ஏழெட்டு வரிதான். வந்தது எழுத்தாக இருந்து, அதற்குள் 'அடி' என்ற சொல் இருந்தால், சொல்லைக் கழற்றிவிட்டு மிச்சத்தை முப்பதால் பெருக்கு. இல்லாவிட்டால் அதை எண்ணாக மாற்று. சுட்டியைக் கோட்டின் மேல் வைத்தாள். 'நெவர்' என்று காட்டியது. ஒருபோதும் இல்லை. மட்டம் எண் என்று நீயே சொல்லிவிட்டாய், எண் எப்படி எழுத்தாக வரும், ஆகவே இந்த இடத்துக்கு எதுவும் ஒருபோதும் வந்துசேராது என்று அதற்கு அர்த்தம்.

"ஜூலியன் அண்ணா, இந்த அடிக் கணக்கு என்னத்துக்கு?"

ஜூலியன் எட்டிப் பார்த்தார். நெற்றியைச் சொறிந்தார். "நானா எழுதினன்? ஆரம்பத்தில ஆரோ அடியில அனுப்பினவங்கபோல. இப்ப எல்லாரும் சென்ரிமீற்றர்தானே?"

"அட்டவணையில எல்லாம் எண்தான்."

"அப்ப எடு."

"நெவர் எண்டு சொல்லுது எண்டா நெவர்தான்," என்றான் பஸ்லான், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எடுத்தாள். நவம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை சரிபார்ப்பான் முதன்முறையாகப் பூச்சியம் காட்டியது. ஒரு சிவப்புக் கோடு இல்லை, ஒரு எனி இல்லை. ஜூலியன் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். புதிய பதிப்பு அன்றே ஏறியது.

டிசம்பர் முதல் கிழமையில் மழை பிடித்தது. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் விடவேயில்லை. செவ்வாய்க்கிழமை டினோஷா குடையும் நனைந்த செருப்புமாக ஒபிசுக்கு வந்தபோது நகரத்துக்கு அருகிலுள்ள இரண்டு வட்டங்கள் சிவப்பாகி, செய்திகளும் போயிருந்தன. பெயர்கள் சரியாக இருந்தன. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. வேலை செய்கிறது.

பத்து மணியளவில் தொலைபேசி அடித்தது.

"ஹலோ, இது வாவிமட்டம் ஒபிசா?"

"ஓம், சொல்லுங்க."

"நான் மருதஞ்சேனையில இருந்து தக்ஷாயினி கதைக்கிறன். பாலர் பாடசாலை டீச்சர். காலத்தால ஆறு மணிக்கு அளவு போட்டுவிட்ட நான். இப்பதான் உங்கட படத்தைப் பாக்கிறன். எங்கட ஊருக்குப் பச்சை காட்டுது."

"பச்சைதான் காட்டுதா?"

"பச்சை. இஞ்ச ரோட்டில முழங்காலளவுக்குத் தண்ணி ஓடுது மிஸ்."

டினோஷா படத்தைத் திறந்தாள். மருதஞ்சேனை, படுவான்கரையில் ஒரு சிறு ஊர். பச்சை வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் 'ஐந்தரை' என்பதை எண்ணில் எழுதி, அதன் பின்னால் ஒரு சொல். முதலில் அவள் எண்ணை மட்டும்தான் பார்த்தாள். ஐந்தரை என்றால் குறைவுதானே, பச்சை சரிதானே என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. அடி.

"டீச்சர், நீங்க அடியிலயா அனுப்பின நீங்க?"

"அடியிலதான். எண்டைக்கும் அடியிலதானே அனுப்புறன்."

நூற்றைம்பதைத் தாண்டினால் சிவப்பு. 'ஐந்தரை அடி' நூற்றைம்பதைவிடப் பெரிதா என்று நிரல் கேட்கிறது. அந்த மொழிக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று அது சொல்வதும் இல்லை. இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. சிவப்பு இல்லை, மஞ்சளும் இல்லை, அப்படியானால் பச்சை.

"டீச்சர், பச்சையை நம்ப வேணாம். அது பிழை. எல்லாருக்கும் சொல்லுங்க, உடன சொல்லுங்க."

"கோயில் ஸ்பீக்கரில ஏற்கனவே சொல்லிட்டம். சனம் பள்ளிக்கூடத்துக்குப் போகுது. நான் உங்களுக்குச் சொல்லத்தான் எடுத்த," என்றாள் தக்ஷாயினி. பின்னால் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அழைப்பு அறுந்தது.

பஸ்லான் கேட்டுக்கொண்டிருந்தான். டினோஷாவின் பக்கத்தில் வந்து குனிந்து பழைய பதிப்பைத் தேடி எடுத்தான். "எல்லாத்தையும் திருப்பிப் பழசுக்கே போவம். யோசிக்கிறத மறுகா யோசிப்பம்." இருவரும் சேர்ந்து பழையதை ஏற்றி, காலை அளவை மீண்டும் செலுத்தும்போது பத்து மணி இருபத்தைந்து நிமிடம். மருதஞ்சேனை சிவப்பாயிற்று. அறுபத்தொரு பேருக்குச் செய்தி போனது. ஜன்னலுக்கு வெளியே வாவி சாம்பல் நிறத்தில், கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் கிடந்தது.

பின்னேரம் தக்ஷாயினி மறுபடி அழைப்பெடுத்தாள். ஊரில் எல்லாரும் பத்திரம். ஆனால் தாழ்ந்த வயல்வெளியான பள்ளவட்டைப் பக்கம் கந்தப்போடியின் மாட்டுப்பட்டிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பெரிய மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு நீந்திப் போய்விட்டன. கன்றுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்பது கன்றுகள்.

"அவருக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?" என்று டினோஷா கேட்டாள்.

"அவர் ஊரில இல்ல. மகளுக்குப் பிள்ளைப்பேறு. டவுன் ஆஸ்பத்திரியில நிண்டவர். மருமகன் லக்ஷன் காலத்தால போனில படத்தைப் பாத்திருக்கான். பச்சைதானே மாமா, பயமில்ல எண்டு சொல்லியிருக்கான். இல்லாட்டி ஏழு மணிக்கே வந்து அவிட்டு விட்டிருப்பாங்க."

டினோஷா தொலைபேசியை வைத்தாள்.

அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவள் தலைக்குள் ஒரே சுழல். பஸ்லான் சொன்னபடி எனி போட்டிருந்தால் அந்தத் துண்டு அப்படியே இருந்திருக்கும், கன்றுகளும் இருந்திருக்கும். ஒழுங்காகச் செய்யப் போனதனால்தான் பிழையாகிப் போனது. அப்படியானால் ஒழுங்கு என்பது என்ன? சரிபார்ப்பான் பொய் சொன்னதா? அதுவும் இல்லை. மட்டம் எண் என்று சொன்னது அவள். அது அவளை நம்பியது. பிறகு அவள் அதை நம்பினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டிருக்க, வாசலால் வேறொன்று உள்ளே வந்து போயிருக்கிறது.

"டைப் எல்லாம் எழுதுற நேரத்தில மட்டும்தான் டினோ," என்றார் ஜூலியன். குரலில் வழக்கமான பேச்சு இல்லை. "ஓடத் தொடங்கினா எல்லாம் கழண்டு போயிரும். வாசலில வாறதை அது பாக்காது."

அது டினோஷாவுக்குத் தெரியும். படிக்கும்போது பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறாள். தெரிந்த ஒன்று எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

"நானும்தான் எடு எண்டு சொன்ன," என்றார் ஜூலியன் மெல்ல. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

சனிக்கிழமை தண்ணீர் வடிந்து மண்முனைப் பாலத்தால் போகலாம் என்றானதும், பஸ்லானின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தன் ஸ்கூட்டியில் புறப்பட்டாள். வழி முழுக்கச் சேறு. வயல்களில் நெற்பயிர் தலை சாய்ந்து கிடந்தது. மருதஞ்சேனைச் சந்தியில் தக்ஷாயினி நின்றிருந்தாள். டினோஷாவைவிட இரண்டொரு வயதுதான் கூட இருக்கும். பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள், கையில் விளக்குமாறு. பாலர் பாடசாலையைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள்.

"நீங்கதான் டினோஷாவா? நான் வயசான ஆளெண்டு நினைச்ச."

"நானும் உங்கள அப்பிடித்தான் நினைச்ச டீச்சர்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததும் டினோஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தக்ஷாயினி பார்க்காததுபோல் முன்னால் நடந்தாள்.

அளக்கிற இடத்தைக் காட்டினாள். ஒரு மதகு. அதன் பக்கச் சுவரில் யாரோ எந்தக் காலத்திலோ வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டு ஒன்று முதல் எட்டு வரை எழுதியிருந்தார்கள். அடிக் கணக்கு.

"சென்ரிமீற்றர் பலகை ஒண்டு தந்தவங்கதானே?" என்றான் பஸ்லான்.

"தந்தவங்க. மூண்டு வருசத்துக்கு முந்தின வெள்ளத்தில அடிச்சிட்டுப் போயிற்று. ஜூலியன் சேருக்குப் போன் பண்ணிச் சொன்ன நான். இந்தக் கோட்டைப் பாத்து அனுப்புங்க, அடி எண்டு எழுதிவிடுங்க, நான் பாத்துக்கிறன் எண்டு சொன்னவர். அதுதான் ஒரு நாளும் தவறாம அடி எண்டு எழுதியே அனுப்பிக்கொண்டு வாறன்."

பஸ்லான் டினோஷாவைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று கிழமை அவள் நாலாயிரம் வரிகளுக்கு வகை எழுதினாள். இந்த டீச்சர் மூன்று வருடமாகத் தினம் இரண்டு தரம் தன் அளவுக்குப் பின்னால் அதன் வகையை எழுதி அனுப்பியிருக்கிறாள். அதைத்தான் அவள் ஒருபோதும் வராது என்று அழித்திருக்கிறாள்.

"நான் கந்தப்போடி ஐயாட்டப் போகவேணும்," என்றாள்.

"என்னத்துக்குகா? மெசின் பிழைச்சிட்டெண்டு நான் சொல்லிட்டன். அவரும் சரியெண்டுட்டார். நீங்க போய் என்னத்தச் சொல்லப் போறீங்க?"

"மெசின் பிழைக்கல்ல."

தக்ஷாயினி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கந்தப்போடி உடைந்த வேலிக்குப் பக்கத்தில் வேலியடைக்கும் கிளைகளான அலம்பல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான, உயரமான ஆள். டவுனிலிருந்து வந்த பிள்ளை என்றதும் சாரத்தை இறக்கிவிட்டு, துவாயால் முகம் துடைத்தார். டினோஷா வழியெல்லாம் வசனங்களை அடுக்கி வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே சொன்னாள்.

"ஐயா, செவ்வாய்க்கிழமை பச்சை காட்டினது என்ட பிழை. நான்தான் ஒரு துண்டை அழிச்ச நான்."

"மெசின் எண்டு டீச்சர் சொன்னாவே."

"மெசின் இல்ல. நான்."

அவர் தக்ஷாயினியைப் பார்த்தார், பிறகு டினோஷாவை. கோபமா, சந்தேகமா என்று சொல்லமுடியாத ஒரு முகம். "ஏன் அழிச்ச நீ?"

"அது தேவையில்ல, அங்க ஒருநாளும் ஒண்டும் வராதெண்டு காட்டினது."

"ஆரு காட்டின?"

ஆர் என்று சொல்வது? சரிபார்ப்பானையா? அதற்குச் சொல்லிக்கொடுத்த தன்னையா? அட்டவணையிலிருந்த எண்களையா? அந்த அளவுகளை எண்களாக மாற்றி வைத்ததே அவள் அழித்த அந்தத் துண்டுதானே.

"கொம்பியூட்டரில காட்டினது ஐயா. நான் நம்பிட்டன்."

கந்தப்போடி வேலிப் பக்கம் திரும்பினார். ஒரு அலம்பலை எடுத்து வேலியில் செருகினார். அது நிற்கவில்லை. மறுபடி எடுத்துச் செருகினார்.

"எனக்கும் காட்டினதுதான்," என்றார். "மருமகன் போனைத் தூக்கிக் காட்டினான். நானும்தான் நம்பின. மழை கொட்டிக்கொண்டிருக்கு, காது கேக்குது எனக்கு. எண்டாலும் பச்சை எண்டவுடன ஆஸ்பத்திரிக் கதவடியிலயே நிண்டுட்டன்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அப்பால் ஒரு சிவலைப் பசு மடி கனத்து நின்று கத்தியது. அவர் அந்தப் பக்கம் போனார். போகும்போது திரும்பி, "பொம்புளப்புள்ள. தாயும் புள்ளையும் சுகம்," என்றார். பேத்தியைச் சொல்கிறார் என்று விளங்க டினோஷாவுக்குச் சில நொடி எடுத்தது.

வரும் வழியில் பஸ்லான் ஒரு கடையில் நிறுத்தி இஞ்சி போட்ட பிளேன் ரீ வாங்கிக் கொடுத்தான். "டைப்பைத் தூக்கிக் கடாசுவம் தங்கச்சி. பழசு நல்லாத்தானே ஓடினது."

"பழசில ஆக்கள் எல்லாம் அன்டிஃபைன்ட்."

"அன்டிஃபைன்ட் எண்டு போனா ஒருத்தரும் சாகமாட்டாங்க."

அதுவும் சரிதான்.

திங்கட்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். மற்ற நாலு பேரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் எங்கே நின்று, எதைப் பார்த்து, எங்கிருந்து அளக்கிறீர்கள் என்று கேட்டாள். நாலு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. காத்தான்குடிக் கரையில் அளக்கும் றம்லா என்ற பெண் தங்கள் பழைய தோணித்துறைப் படியிலிருந்து அளக்கிறாள். இன்னொருவர் வாவியின் அடியில் ஊன்றிய தடியைப் பார்க்கிறார். மூன்றாமவர், "வீதி மட்டத்தில இருந்துதான், ஏன், எல்லாரும் அப்பிடித்தானே?" என்றார். எல்லாம் சென்ரிமீற்றர். எல்லாம் எண். ஆனால் ஒருவருடைய பூச்சியம் இன்னொருவருடைய பூச்சியம் இல்லை. றம்லாவின் நாற்பது வெள்ளம், தடிக்காரரின் நாற்பது வறட்சி.

டினோஷா இதை ஜூலியனிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்தார். "அப்ப நாலு வருசமா நாம படத்தில காட்டினது என்ன?"

"தெரியா அண்ணா."

அன்றிரவுக்குள் முடிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பத்து நாள் எடுத்தார்கள். புதிய பதிப்பைத் தூக்கி எறியவும் இல்லை, அப்படியே திரும்ப ஏற்றவும் இல்லை. உள்ளே வகைகள் இருந்தன. ஆனால் வாசலில் வருவதற்கு டினோஷா 'அன்னோன்' என்று எழுதினாள். எனியைப் போலத்தான் அதுவும், எதுவும் வரலாம். வித்தியாசம் ஒன்றுதான்: திறந்து பார்த்து இன்னதென்று உறுதிப்படுத்தும்வரை அதைத் தொட விடாது. அதற்குப் பின்னால் அவளே காவல் எழுதினாள். எண்ணா, என்ன அலகு, எந்த இடத்தின் பூச்சியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் காவல். விளங்காதது வந்தால் படிவம் பிழை என்று சொல்லும், பச்சையாகாது. வட்டம் சாம்பல் நிறமாகி, 'அளவு தெரியவில்லை, நேரில் பாருங்கள்' என்று காட்டும். சாம்பல் நிறத்தைச் சேர்க்கும்போது, இப்படி ஒரு நிறம் முதலிலேயே ஏன் இருக்கவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏற்றிய மறுநாள் மழை மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. காலை ஆறரைக்கு வீட்டில் பல் துலக்கிக்கொண்டு நின்றவளுக்குத் தொலைபேசி வந்தது. தக்ஷாயினி.

"டினோஷா, உங்கட புதுப் படிவம் என்னை உள்ளுக்கு விடுதில்லகா. நாலே முக்கால் எண்டு எழுதினா பிழை எண்டுது. நாலடி ஒம்பது அங்குலம் எண்டாலும் பிழை எண்டுது. மழைக்க நிண்டு நான் என்னத்த எழுத?"

டினோஷா வாயைக் கழுவினாள். முக்காலைப் புள்ளி போட்டு எழுதுவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அங்குலத்தை நினைக்கவேயில்லை.

"அப்பிடியே போனிலயே சொல்லுங்க டீச்சர். நான் எழுதுறன்."

"நாலடி ஒம்பது அங்குலம். ஏறிக்கொண்டு வருது."

"கோட்டைப் பாத்தா? வெள்ளைக் கோட்டை?"

"வெள்ளைக் கோட்டைப் பாத்துத்தான். ஒம்பதாவது அங்குலத்துக்கு ஒல்லுப்போல மேல."

"ஒல்லுப்போல எண்டா எவ்வளவு?"

மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தக்ஷாயினி குனிந்து பார்க்கிறாள் என்று டினோஷா நினைத்தாள்.

"ஒரு விரல்," என்றாள் தக்ஷாயினி. "என்ட விரல்."

டினோஷா நாட்காட்டியின் ஓரத்தில் எழுதினாள். பிறகு கந்தப்போடியின் இலக்கத்தைத் தேடி எடுத்தாள். சிவப்புக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. எண்டாலும் அவருக்கு அழைப்பெடுத்தாள்.